பொதி மேலாளர் (லினக்ஸ்)

பொதி மேலாளர் என்பது லினக்ஸ் இயங்குதளத்தில் மென்பொருள்களை நிறுவவும், இற்றைப்படுத்தவும், நீக்கவும், நிறுவப்பட்டவற்றின் கணக்கைப் பேணவும் பயன்படும் மென்பொருள் ஆகும். டெபியன், உபுண்டு, பாஸ் லினக்ஸ் ஆகியவற்றில் ஏபிடி, ஃபெடோரா மற்றும் ரெட் ஹாட்டில் டிஎன்எஃப், சூசேயில் சிப்பர், ஆர்ச் லினக்சில் பாக்மேன் என ஒவ்வொரு லினக்ஸ் வழங்கலும் தனக்கென ஒரு பொதி மேலாளரைக் கொண்டுள்ளது.

எந்தப் பொதி மேலாளர் சிறந்தது என்பது லினக்சுக்குப் புதிதாக வருவோர் வழமையாக எழுப்பும் வினா. இவ்வினா சற்றுப் பிசகானது. பொதி மேலாளரை மட்டும் தனியே தெரிவு செய்ய இயலாது; வழங்கலைத் தெரிவு செய்யும்போதே அதுவும் முடிவாகிவிடுகிறது. உண்மையில் தெரிவு செய்யப்படுவது அதன் பின்னால் உள்ள மென்பொருள் களஞ்சியமும், அக்களஞ்சியத்தைப் பேணுவோரும், எத்தனை ஆண்டுகளுக்குப் பேணுவர் என்பதுமே ஆகும். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இரு வேறு பொதிக் குடும்பங்கள் அடுத்தடுத்துப் புழங்கியுள்ளதால், இவ்வேறுபாட்டை இங்குள்ள எடுத்துக்காட்டுகளைக் கொண்டே விளக்கலாம்.

பொதியின் அமைப்பு

பொதி என்பது ஒரு மென்பொருளின் கோப்புகளையும் அது பற்றிய விவரங்களையும் சேர்த்துக் கட்டிய ஒற்றைக் கோப்பு. டெபியன் வகைப் பொதி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கட்டுகள் இருக்கும். ஒன்றில் கணினியில் வைக்கப்பட வேண்டிய கோப்புகள். மற்றொன்றில் பொதியின் பெயர், பதிப்பு எண், பேணுநர், சார்புகள் ஆகிய விவரங்களும், நிறுவும்போதும் நீக்கும்போதும் இயங்க வேண்டிய சிறு நிரல்களும் அடங்கும். ரெட் ஹாட் வகைப் பொதியின் உள்ளமைப்பு வேறு. எனினும் நோக்கம் ஒன்றே.

சார்பு என்பதே இதில் முதன்மையானது. ஒரு மென்பொருள் தனித்து இயங்குவது அரிது. ஒரு படக்காட்டிக்குப் படங்களைப் படிக்கும் நிரலகம் தேவை. அந்நிரலகத்துக்குச் சுருக்கத்தைப் பிரிக்கும் வேறொரு நிரலகம் தேவை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், பதிப்பு மாறினாலும் மென்பொருள் இயங்காது. 1990களில் பயனர்கள் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடித் தாமே நிறுவினர். ஒன்றை நிறுவ மற்றொன்று, அதை நிறுவ இன்னொன்று என நீண்ட இந்நிலைக்குச் "சார்பு நரகம்" என்று பெயர்.

எல்லாச் சார்புகளும் முரணின்றிப் பொருந்தும் பதிப்புத் தொகுதி ஒன்றைக் கண்டறிவது கணினியியலில் என்பி-முழுமை எனப்படும் கடின வகையைச் சேர்ந்த கணக்காகும். நடைமுறையில் பெரும்பாலான வேளைகளில் விடை விரைவாகவே கிடைத்துவிடுகிறது. சூசேயின் சிப்பரும் ஃபெடோராவின் டிஎன்எஃப்பும் இக்கணக்கிற்கு லிப்சால்வ் எனும் ஒரே நிரலகத்தைப் பயன்படுத்துகின்றன என்பது, இவற்றுள் எது உயர்ந்தது என வாதிடுவோர் கருத்தில் கொள்ள வேண்டியது.

வரலாறு

1993இல் தோன்றிய சிலாக்வேரில் பொதிகள் இருந்தன; ஆனால் சார்புகளைக் கவனிக்கும் வசதி இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தைத் தொடங்கினார். அதன் டிபிகேஜி 1994இல் உருவாகி, பின்னர் இயன் ஜாக்சனால் சி மொழியில் திருத்தி எழுதப்பட்டது. ரெட் ஹாட் நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் ஈவிங், எரிக் டுரோன் ஆகியோர் 1995இல் ஆர்பிஎம்மை உருவாக்கினர். இன்று வழக்கிலுள்ள வழங்கல்களில் பெரும்பாலானவை இவ்விரு குடும்பங்களுள் ஒன்றில் அடங்கும்.

டிபிகேஜி, ஆர்பிஎம் இரண்டும் கீழ்மட்டக் கருவிகள். கையில் உள்ள பொதியை இவை நிறுவும். சார்பு குறைந்தால் குறைகிறது என்று கூறி நின்றுவிடும். குறைவதைத் தாமே தேடிக் கொணர்வது மேல்மட்டக் கருவிகளின் பணி. இவற்றுள் முன்னோடியான ஏபிடி 1998இல் வெளிவந்து, 1999 மார்ச்சில் டெபியன் 2.1உடன் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஆர்பிஎம் குடும்பத்தில் இத்தகைய வசதி சற்றுத் தாமதமாகவே வந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் சேத் விடாலும் மைக்கேல் ஸ்டென்னரும் உருவாக்கிய யம், ஃபெடோராவிலும் சென்ட்ஓஎஸ்சிலும் நெடுங்காலம் நிலைத்தது. 2015இல் ஃபெடோரா 22இல் அதன் இடத்தை டிஎன்எஃப் பெற்றது.

களஞ்சியமும் நம்பிக்கையும்

களஞ்சியம் என்பது வழங்கலின் பேணுநர்கள் தொகுத்துச் சோதித்து, மின்னணுக் கையொப்பமிட்டு வழங்கியில் வைத்துள்ள பொதிகளின் தொகுதி. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13இன் களஞ்சியத்தில் 69,000க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. பொதி மேலாளர் முதலில் களஞ்சியத்தின் பட்டியலைப் பெற்று, கையொப்பத்தைச் சரிபார்த்து, பின்னரே பொதிகளை இறக்கும். ஏபிடியில் "அப்டேட்" எனும் கட்டளை பட்டியலை மட்டுமே புதுப்பிக்கிறது. மென்பொருள்களைப் புதுப்பிப்பது "அப்கிரேடு". இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவது பரவலான தவறு.

கையொப்பம் பொதி வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கு உறுதி தரும். மூல நிரல் தூயது என்பதற்கு உறுதி தராது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் எனும் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்று புகுத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. தொலைக்கணினியில் நுழையும்போது ஏற்பட்ட அரை நொடித் தாமதத்தை ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் எனும் பொறியாளர் அதைக் கண்டறிந்தார். புதிய பதிப்புகளை உடனுக்குடன் சேர்த்த டெபியனின் சோதனைக் கிளைகளிலும், ஃபெடோராவின் மேம்பாட்டுக் கிளையிலும், ஓப்பன்சூசே டம்பிள்வீடிலும் அப்பதிப்புகள் முறையான கையொப்பத்துடனேயே நுழைந்திருந்தன. பழைய பதிப்பையே வைத்திருந்த டெபியனின் நிலையான வெளியீடு பாதிக்கப்படவில்லை. புதுமையில் பின்தங்கியது எனக் குறைகூறப்படும் வழங்கலின் நிதானம் இங்கு காப்பாக அமைந்தது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு மின்னணு நிறுவனம் (எல்காட்), சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2007 அளவில் தன் அலுவலகப் பயன்பாட்டையும் தன் வழியாக அரசுக்கு வாங்கப்பட்ட கணினிகளையும் சூசே லினக்சின் பக்கம் திருப்பியது. சூசே ஆர்பிஎம் குடும்பத்தைச் சேர்ந்தது. யாஸ்ட் எனும் வரைகலைக் கருவியின் மூலம் பொதிகளைக் கையாளலாம் என்பது அலுவலகப் பணியாளர்களுக்கு வசதியானது. ஆனால் சூசேயின் நிறுவனப் பதிப்புக்கு இற்றைப்படுத்தல்களைப் பெறச் சந்தாப் பதிவு வேண்டும். மென்பொருள் கட்டற்றதாக இருந்தாலும் களஞ்சியத்தின் கதவு சந்தாவால் திறப்பது என்பதைக் கொள்முதல் செய்வோர் அறிந்திருத்தல் நன்று.

இதே காலப்பகுதியில், சென்னையில் உள்ள உயர்கணினி மேம்பாட்டு மையம் (சி-டாக்) டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்சை உருவாக்கி, 2007 ஜனவரியில் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்கதாக இது ஆக்கப்பட்டது. பள்ளிகளுக்கென எடுபாஸ் எனும் பதிப்பும் உண்டு. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது. 2014 ஏப்ரலில் விண்டோசு எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவுற்றபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்சுக்கு மாறுமாறு அறிவுறுத்தப்பட்டன.

இவ்வாறு சில ஆண்டுகளுக்குள் ஆர்பிஎம் குடும்பத்திலிருந்து டெபியன் குடும்பத்துக்கு மாற்றம் நிகழ்ந்தது. சூசேயில் பழகிய ஒருவர் தன்னிடமுள்ள பொதிக் கோப்பைப் பாஸ் லினக்சில் நேரடியாக நிறுவ இயலாது. ஏலியன் எனும் கருவியால் ஒரு வகைப் பொதியை மற்றொன்றாக மாற்றலாமெனினும், சார்புகளின் பெயர்கள் இரு குடும்பங்களிலும் வேறுபடுவதால் அதனை நம்பி ஓர் அலுவலகத்தை நடத்த முடியாது. அண்டை மாநிலமான கேரளத்தின் பள்ளித் திட்டம் முதலில் டெபியனையும் பின்னர் உபுண்டுவையும் பின்பற்றியது. இரண்டும் ஒரே குடும்பம் ஆதலால், அங்கு ஆசிரியர்கள் கற்ற கட்டளைகள் வீணாகவில்லை.

காலாவதி

களஞ்சியத்துக்கு ஆயுள் உண்டு. டெபியனின் ஒவ்வொரு வெளியீடும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளும், நீட்டித்த ஆதரவாக மேலும் இரண்டு ஆண்டுகளும் பேணப்படுகிறது. உபுண்டுவின் நெடுங்கால ஆதரவு வெளியீடுகளுக்கு ஐந்து ஆண்டுகள். இடைக்கால வெளியீடுகளுக்கு ஒன்பது மாதங்கள் மட்டுமே. ஃபெடோராவுக்கு ஏறத்தாழ 13 மாதங்கள். காலம் முடிந்ததும் பொதிகள் காப்பகத்துக்கு நகர்த்தப்படும். பழைய முகவரியைத் தேடும் பொதி மேலாளர் "கிடைக்கவில்லை" என்ற பிழைச்செய்தியுடன் நிற்கும். காப்பக முகவரியைக் கையால் எழுதிச் சேர்த்தால் பழைய பொதிகள் கிடைக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கா.

2011 பிப்ரவரியில் வெளியான டெபியன் 6ஐ இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதற்கான நீட்டித்த ஆதரவும் 2016 பிப்ரவரியில் முடிந்தது. 2011-12 கல்வியாண்டில் பன்னிரண்டாம் வகுப்பில் மடிக்கணினி பெற்று, அடுத்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் சேர்ந்த மாணவர் ஒருவரின் இறுதிப் பருவம் அது. கணினி நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும். அதே வயதுடைய வெளியீடு ஒன்று அதில் இருந்திருப்பின், களஞ்சியம் மூடப்பட்டிருக்கும். சென்ட்ஓஎஸ் 7ஐ நம்பியிருந்த வழங்கிகளுக்கு 2024 ஜூன் 30 அன்று இதே நிலை வந்தது.

பழைய வன்பொருளையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். ஃபெடோரா 2019இல் 32 பிட் இன்டெல் கணினிகளுக்கான நிறுவு வட்டுகளை நிறுத்தியது. டெபியன் 13இல் அவ்வகைக் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதி இல்லை. அலமாரியில் கிடக்கும் பழைய கணினிக்கு உயிரூட்ட விரும்புவோர், பொதி மேலாளரின் சிறப்புகளைப் படிக்கு முன் தம் செயலி எவ்வகையது எனப் பார்த்தல் வேண்டும்.

இணைய இணைப்பு இல்லாத கணினி

பொதி மேலாளர்கள் தடையற்ற இணைய இணைப்பைக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் 2000களில் அத்தகைய இணைப்பு அரிது. உபுண்டு குறுவட்டுகளை அஞ்சலில் இலவசமாக அனுப்பும் திட்டம் 2011இல் நிறுத்தப்படும்வரை, பலருக்கு அதுவே களஞ்சியம்.

இணைப்பில்லா நிலைக்கு டெபியன் குடும்பம் மூன்று வழிகளைத் தருகிறது. முதலாவது, குறுவட்டையோ இறுவட்டையோ களஞ்சியமாகச் சேர்த்தல். ஏபிடியில் இவ்வசதி உள்ளிணைந்தது. இரண்டாவது, இந்தியரான டெபியன் உருவாக்குநர் ரித்தேஷ் ராஜ் சராஃப் எழுதிய ஏபிடி-ஆஃப்லைன். இணைப்பில்லாத கணினியில் இதனை இயக்கினால், தேவைப்படும் பொதிகளின் பட்டியல் ஒரு சிறு கோப்பாகக் கிடைக்கும். அதை விரலியில் எடுத்துச் சென்று, இணைப்புள்ள வேறொரு கணினியில் கொடுத்தால் பொதிகள் அனைத்தும் இறங்கும். அக்கணினி விண்டோசாக இருந்தாலும் தடையில்லை. பின்னர் விரலியைத் திரும்பக் கொணர்ந்து நிறுவலாம். கையொப்பச் சரிபார்ப்பும் விடுபடுவதில்லை.

மூன்றாவது வழி, பள்ளி ஆய்வகங்களுக்கு உரியது. திண்டுக்கல் மாவட்டம் ஆயக்குடி போன்ற ஓர் ஊரின் பள்ளி ஆய்வகத்தில் 20 கணினிகள் உள்ளன எனக் கொள்ளலாம். ஒரு மாத இற்றைப்படுத்தல் 100 மெகாபைட்டு என்றால், ஒவ்வொன்றும் தனித்தனியே இறக்க 2 ஜிகாபைட்டு செலவாகும். ஒரு கணினியில் ஏபிடி-கேச்சர்-என்ஜி எனும் இடைநிலை வழங்கியை அமைத்து, ஏனையவற்றை அதனிடம் கேட்கச் செய்தால், ஒரு முறை இறங்கிய பொதியே எல்லாவற்றுக்கும் பயன்படும்; செலவு 100 மெகாபைட்டு அளவிலேயே நிற்கும். அமைப்பதற்கு அரை மணி நேரம் போதும். எனினும் 20 கணினிகளும் ஒரே வழங்கலின் ஒரே வெளியீட்டைக் கொண்டிருந்தால்தான் இம்முறை பயன்தரும். ஆய்வகத்தில் விருப்பத்துக்கொரு வழங்கலை நிறுவுவது இதனால்தான் தவிர்க்கத்தக்கது.

தெரிவு

பள்ளி, அலுவலகம், நூலகம் ஆகியவற்றுக்கு டெபியனின் நிலையான வெளியீடோ உபுண்டுவின் நெடுங்கால ஆதரவு வெளியீடோ அவற்றை அடியொற்றிய பாஸ் லினக்சோ பொருந்தும். ரெட் ஹாட் வழங்கிகளைப் பேணும் பணிக்குச் செல்ல விரும்பும் மாணவர் ஃபெடோராவில் டிஎன்எஃப்பைப் பழகலாம். அருகில் உதவி கேட்கத்தக்க ஒருவர் எந்த வழங்கலைப் பயன்படுத்துகிறாரோ அதையே தெரிவு செய்வதும் அறிவுடைமையே. கட்டளையின் வேகத்தைவிட இது பெரிது.

பாக்மேன் மிக விரைவானது. ஆனால் ஆர்ச் லினக்ஸ் தொடர் வெளியீட்டு முறையைப் பின்பற்றுவது. அதில் முழுக் கணினியையும் ஒருசேர இற்றைப்படுத்த வேண்டும், ஒரு பொதியை மட்டும் புதுப்பிப்பது ஆதரிக்கப்படுவதில்லை. மாதம் ஒரு முறை மட்டும் இணைப்புக் கிடைக்கும் கணினிக்கு இது ஏற்றதன்று. ஜென்டூவின் போர்ட்டேஜ் பெரும்பாலும் மூல நிரலிலிருந்து தொகுத்து நிறுவுவது. கற்பதற்கு நன்று, மின்வெட்டு உள்ள ஊரில் பொறுமை வேண்டும்.

எதைத் தெரிவு செய்தாலும், வெவ்வேறு வழங்கல்களின் களஞ்சியங்களை ஒரே கணினியில் கலத்தல் கூடாது. பாஸ் லினக்சும் உபுண்டுவும் டெபியன் வழிவந்தவை என்பதால் ஒன்றன் பொதி மற்றொன்றில் இயங்கும் என எண்ணுவது இயல்பு. நிரலகங்களின் பதிப்புகள் வேறுபடுவதால், நிறுவும்போது வராத சிக்கல் அடுத்த இற்றைப்படுத்தலில் வரும். டெபியன் திட்டமே இது குறித்துத் தன் பயனர்களை எச்சரிக்கிறது.

பொதி மேலாளர் காட்டும் செய்தியைப் படித்துப் பார்ப்பதும் இன்றியமையாதது. 2021 நவம்பரில் கனடாவைச் சேர்ந்த காணொளியாளர் லைனசு செபாஸ்டியன், பாப் ஓஎஸ் எனும் வழங்கலில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவ முயன்றார். களஞ்சியத்தில் அப்போது இருந்த சார்புப் பிழையால், திரைப்பலகைச் சூழல் முழுவதையும் நீக்கப்போவதாக ஏபிடி அறிவித்து, உறுதிமொழித் தொடர் ஒன்றைத் தட்டச்சு செய்யுமாறு கோரியது. அவர் தட்டச்சு செய்தார்; திரைப்பலகை நீங்கியது. பிழை களஞ்சியத்தினுடையது, ஒப்புதல் பயனருடையது. இதன்பின் ஏபிடியின் உருவாக்குநர்கள், உறுதிமொழித் தொடரால் மட்டும் இன்றியமையாப் பொதிகளை நீக்க முடியாதவாறு அதனை மாற்றியமைத்தனர்.

வழங்கல் சாராப் பொதிகள்

ஒரே பொதி எல்லா வழங்கல்களிலும் இயங்க வேண்டும் என்ற நோக்கில் ஆப்பிமேஜ், ஃபிளாட்பேக், ஸ்னாப் ஆகியவை தோன்றின. பிந்தைய இரண்டும் 2016 முதல் பரவலாயின. இவை மென்பொருளுக்குத் தேவையான நிரலகங்களையும் உடன் கொண்டு வருவதால் சார்புச் சிக்கல் குறைகிறது. பழைய நிலையான வெளியீட்டிலும் புதிய செயலியைப் பயன்படுத்த முடிகிறது. விலையாக, பதிவிறக்க அளவு பெருகுகிறது. ஒரு சிறு செயலிக்காக நூற்றுக்கணக்கான மெகாபைட்டு அடித்தளம் இறங்குவது உண்டு.

ஸ்னாப்பின் களஞ்சியம் கெனோனிக்கல் நிறுவனம் ஒன்றினாலேயே நடத்தப்படுகிறது. அதன் வழங்கி மென்பொருள் கட்டற்றதன்று. இதனை ஏற்காத லினக்ஸ் மின்ட், 2020இல் ஏபிடி வழியாக ஸ்னாப் தானாக நிறுவப்படுவதைத் தடுத்தது. 2018 மே மாதத்தில் ஸ்னாப் களஞ்சியத்தில் இருந்த விளையாட்டு ஒன்று, பயனர் அறியாமல் மின்னாணயம் அகழ்வது கண்டறியப்பட்டு நீக்கப்பட்டது. ஆக்குநரே நேரடியாகப் பொதியை ஏற்றும் முறையில், இடையே நின்று பார்க்கும் பேணுநர் இல்லை.

தமிழ்ப் பொதிகள்

தமிழில் கணினியைப் பயன்படுத்தத் தேவையானவை முதன்மையான களஞ்சியங்களிலேயே உள்ளன. டெபியன் நிறுவியில் தமிழைத் தெரிவு செய்தால், டாஸ்க்-தமிழ் எனும் பணிப்பொதியின் வழியே தமிழுக்கு உரிய பொதிகள் தாமாகவே சேரும். லோகித் தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை அமைப்பை உள்ளடக்கிய எம்17என் தரவுப்பொதி, லிப்ரே ஆபிசின் தமிழ் இடைமுகப்பு, டெசராக்ட் எழுத்துணரியின் தமிழ்த் தரவு ஆகியவற்றைத் தனியாகவும் நிறுவலாம். ஃபெடோராவில் லாங்பேக்ஸ்-டிஏ எனும் ஒரே பொதி இதே பணியைச் செய்கிறது. தளங்களிலிருந்து எழுத்துருக் கோப்புகளைத் தேடி இறக்க வேண்டியதில்லை.

கலைச்சொற்கள்

தன்னார்வலர்கள் லினக்ஸ் இடைமுகப்புகளைத் தமிழாக்கியபோது பொதி, தொகுப்பு என இரு சொற்கள் வழக்குக்கு வந்தன. தொகுப்பு என்பது மூல நிரலைத் தொகுத்தலோடு குழம்புவதால், இக்கட்டுரையில் பொதி என்பதே பயன்படுத்தப்படுகிறது. கழுதையும் மாடும் சுமந்த பொதி எனும் பழஞ்சொல், கட்டி அனுப்பப்படும் மென்பொருளுக்கும் பொருந்துகிறது. களஞ்சியம், சார்பு, வழங்கல், இற்றைப்படுத்தல் ஆகியவற்றிலும் இந்திய, இலங்கைத் தமிழ் வழக்குகளுக்கிடையே சிறு வேறுபாடுகள் உண்டு. கட்டளைகள் எல்லா மொழிப் பயனர்களுக்கும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவை காட்டும் செய்திகள் மட்டுமே மொழிபெயர்க்கப்படுகின்றன.